மாலை விழுந்த குதிரை

டிராய் நகரத்தின் பெரிய வாசல் வழியாக ஒரு மூட்டை உள்ளே போக வேண்டுமென்றால், அது முதலில் மிர்த்தோவின் குத்தூசிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்றரை முழ நீளமுள்ள வெண்கல ஊசி அது. பார்லி மூட்டை, கம்பளிப் பொதி, அத்திப்பழக் கூடை, வைக்கோல் வண்டி, எதுவானாலும் சரக்கென்று ஒரு குத்து. ஊசி தடையில்லாமல் இறங்கினால் "போ" என்பாள். எதிலாவது முட்டினால் அவிழ்த்துக் கொட்டச் சொல்வாள். கொட்டியதை அள்ளுவது மூட்டைக்காரர் பாடு.

வீம்புக்காக அவள் இதைச் செய்யவில்லை. கிரேக்கர்கள் வந்து முற்றுகை போட்ட இரண்டாம் வருடம், வைக்கோல் வண்டிக்குள் படுத்துக்கொண்டு அவர்களில் ஒருவன் உள்ளே வந்தான். வாசலில் காவல் நின்ற இரண்டு பேரைக் கழுத்தறுத்துப் போட்டான். அதில் ஒருவன் மிர்த்தோவின் புருஷன். உள்ளே வரும் எல்லாச் சரக்கையும் குத்திப் பார்த்த பிறகே விட வேண்டும் என்று அதற்கப்புறம்தான் அரண்மனைக்குப் புத்தி வந்தது. அந்த வேலையை மிர்த்தோ தானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். எட்டு வருடமாக அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு எலிகூட உள்ளே போனதில்லை.

அதற்கு ஊர் கொடுத்த பரிசு ஊசிக்காரி என்ற பெயர். முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், தலை மறைந்ததும் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். பெற்ற மகளே பேசினாள். மெலித்தாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மலையடிவாரத்திலிருந்து சீர்ப்பெட்டி கொண்டுவந்தபோது, சம்பந்தி என்றும் பார்க்காமல் மிர்த்தோ அதையும் குத்தினாள். பெண்ணுக்கென்று நெய்த செந்நிறப் போர்வையில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையோடுதான் மெலித்தா மணமேடை ஏறினாள். நாலு வருடமாகியும் மாமியார் வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இவ்வளவு கறாரான ஊசிக்கும் ஒரு விலக்கு இருந்தது. எந்தப் பொருளின் மேலும் தேவி அதீனாவின் பெயரைச் சொல்லி மாலை போட்டுவிட்டால், அந்த நொடியிலிருந்து அது தேவியின் சொத்து. அதைத் திறக்கக் கூடாது, வெண்கலமோ இரும்போ அதன்மேல் படக் கூடாது. மீறியவரின் குடும்பத்துக்கு ஊரில் எந்த வீட்டு அடுப்பிலிருந்தும் நெருப்புத் தர மாட்டார்கள். பலியாடுகளுக்கும் காணிக்கைத் துணிகளுக்கும் ஏற்பட்ட வழக்கம் இது. ஆனால் வழக்கம் என்று ஒன்று இருந்தால் அதில் புகுந்து புறப்பட ஒருவன் இருப்பானே. முற்றுகையின் ஐந்தாம் வருடம், ஒரு மீன் வியாபாரி அழுகிய கருவாட்டுச் சாடிக்கு மாலையைப் போட்டு மிர்த்தோவின் மூக்குக்கு நேரே உள்ளே கொண்டுபோனான். நாற்றம் நாலு தெருவுக்கு அடித்தது. அவள் வாசல் தலைவன் மெனிப்போஸிடம் போய் முறையிட்டாள்.

"இன்னைக்குக் கருவாடு போச்சு. நாளைக்கு ஆளு போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

மெனிப்போஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். "எந்த ஆளு அக்கா தன் கழுத்துல தானே மாலை போட்டுக்கிட்டு வருவான்? போய் வேலையைப் பாரு."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெரிய இடத்தில் சிரித்துவிட்டால் அதற்குமேல் யார் பேசுவது?

பத்தாம் வருடத்தில் ஒரு நாள் விடிந்தபோது கடற்கரையில் ஒரு கப்பலும் இல்லை. கூடாரங்கள் எரிந்து புகைந்துகொண்டிருந்தன. கிரேக்கர்கள் ஓடிவிட்டார்கள் என்று ஊரே மதிலுக்கு வெளியே கொட்டியது. பத்து வருடமாகக் கால் வைக்காத மணலில் கிழவர்கள்கூட உருண்டு புரண்டார்கள். மணலின் நடுவே ஒரு மரக்குதிரை நின்றது. மாடிவீட்டு உயரம். மரப்பலகைகளை அடுக்கி அடித்து, கால்களுக்கு உருளைகள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கிரேக்கர்கள் விட்டுப்போன ஆள் ஒருவன் கைகட்டி அழுதுகொண்டிருந்தான். இது தேவிக்கு அவர்கள் வைத்த காணிக்கை என்றும், இதை ஊருக்குள் சேர்த்துவிட்டால் டிராயை இனி யாராலும் அசைக்க முடியாது என்றும் அவன் சொன்னான். எதிரி சொன்னான், இவர்கள் நம்பினார்கள்.

செய்தி கேட்டதும் மிர்த்தோ ஊசியை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஐம்பது வயது முழங்கால்கள் மணலில் எவ்வளவு வேகமாக ஓடும்? அவள் போய்ச் சேர்வதற்குள் குதிரையின் கழுத்தில் நாலு மாலை விழுந்திருந்தது. ஐந்தாவதை எறிய ஒரு பெண் கையை ஓங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. மிர்த்தோவின் மகள் மெலித்தா.

"அடியே, போடாதே! இன்னும் சோதிக்கல!"

மாலை போய் விழுந்துவிட்டது. மெலித்தா திரும்பிப் பார்த்தாள். கையில் ஊசியோடு தாய் மூச்சு வாங்க நிற்பதைக் கண்டதும் அவள் முகம் சுருங்கியது.

"இதையுமா? நல்ல நாளும் அதுவுமா இந்த ஊசியை வீட்டுல வெச்சுட்டு வரக்கூடாதாம்மா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியா நீ?"

"மரம் இருக்கு. குதிரைன்னா மரம்தானே இருக்கும்."

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். மிர்த்தோ அவர்களை விட்டுவிட்டு மெனிப்போஸைத் தேடிப் பிடித்தாள். அவன் தேவி கோயில் பூசாரியோடு நின்று, குதிரையை எந்த வழியாக இழுப்பது என்று அளந்துகொண்டிருந்தான்.

"தலைவரே, ஒரே ஒரு குத்து. பலகை இடுக்குல விட்டு எடுத்துடறேன். கண்ணு மூடித் தெறக்கற நேரம்."

"மாலை விழுந்துடுச்சேக்கா."

"அது எப்படி விழும்? வாசலுக்கு வந்த சரக்கைச் சோதிச்சப்புறம்தானே மத்ததெல்லாம்?"

பூசாரி குறுக்கே வந்தார். எப்போதும் மென்மையாகப் பேசுகிறவர், அதனாலேயே எதிர்த்துப் பேச முடியாதவர். "இது சரக்கு இல்லம்மா. காணிக்கை. தேவியோட பொருள்ல வெண்கலம் படலாமா? உன் குடும்பத்துக்குத்தான் ஆகாது."

"சாமி, போன வாரம் காது கேக்காத கிழவி ஒருத்தி, பேரனுக்குன்னு ரெண்டு படி பார்லி மாவு கொண்டுவந்தா. அதைக் குத்தினேன். ஊசி ஏதோ தட்டுச்சு. கொட்டச் சொன்னேன். உள்ளே இருந்தது ஒரு மரக்கரண்டி. காத்துல பாதி மாவு பறந்துபோச்சு, கிழவி மண்ணோட சேத்து அள்ளினா. என் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. ஆனாலும் சட்டம்னு செஞ்சேன். ரெண்டு படி மாவுக்குச் சட்டம் உண்டு, மாடி உயரக் குதிரைக்குக் கெடையாதா?"

மெனிப்போஸ் அவள் தோளைத் தட்டினான்.

"எல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம். விழா முடியட்டும். பத்து வருஷத்துல ஊரு இன்னைக்குத்தான் சிரிக்குது, அதைக் கெடுக்காதே."

நாளைக்காம். எட்டு வருடத்தில் ஒரு வண்டியையாவது இன்று விட்டுவிட்டு நாளை குத்தியிருக்கிறாளா அவள்?

கயிறு கட்டினார்கள். ஊரே இழுத்தது. மெலித்தாவின் புருஷன் லிக்கோன், நல்ல பலசாலி, முதல் கயிற்றில் நின்றான். சூரியன் உச்சிக்கு வந்தபோது குதிரை வாசலுக்கு வந்தது. வந்து நின்றது. தலை வாசலைவிட இரண்டு ஆள் உயரம். அப்போதாவது யாருக்காவது உறைத்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய காணிக்கையைச் செய்தவனுக்கு அந்த வாசலின் உயரம் தெரியாதா? பத்து வருடம் தினமும் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவனாயிற்றே. ஆனால் யாருக்கும் உறைக்கவில்லை. கடப்பாரை கொண்டுவரச் சொன்னார்கள்.

பத்து வருடமாகக் கிரேக்கர்கள் நெருப்பு வைத்தும் மரம் வைத்து முட்டியும் அசைக்க முடியாத வாசலை, டிராய்க்காரர்களே பாட்டுப் பாடிக்கொண்டு இடித்தார்கள். மேற்கல்லை இறக்கினார்கள். கதவுகளை அவை சுழலும் குடுமியோடு பிடுங்கி ஓரமாகச் சாய்த்தார்கள். மிர்த்தோ வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். புருஷன் ரத்தம் சிந்திய படி அது.

"என்மேல ஏத்திக்கிட்டுப் போங்க" என்றாள்.

"தூக்குங்கடா" என்றான் மெனிப்போஸ். மருமகன் லிக்கோனே வந்து தூக்கினான். வெட்கத்தில் அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. "ஏன் அத்தை இப்படி மானத்தை வாங்கறீங்க" என்று முணுமுணுத்தபடி அவளை மதிலோரமாக நிறுத்தினான்.

குதிரை நகர்ந்தது. படியில் உருளை இடித்தது, நின்றது. மறுபடி இழுத்தார்கள், மறுபடி இடித்தது. அந்த இடியில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. வெண்கலத்தோடு வெண்கலம் உரசும் சத்தம். எட்டு வருடமாக மூட்டைக்குள் கத்தி இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

"கேட்டுச்சா? உங்களுக்கெல்லாம் கேட்டுச்சா?" என்று கத்தினாள். கன்னிப்பெண்கள் தேவி பாட்டின் அடுத்த அடியை எடுத்தார்கள். பறையும் குழலும் சேர்ந்துகொண்டன. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

உருளை படிமேல் ஏறி, குதிரையின் வயிறு அவள் முகத்துக்கு எதிரே வந்தது. எதிர்ப்பக்கம் மெலித்தா குழந்தையைத் தூக்கிக் குதிரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். தெல்லிஸ் என்று பெயர், ஏழு மாதம், எதைக் கண்டாலும் கை தட்டுவான். குதிரையைப் பார்த்தும் தட்டினான். இப்போது குத்தினால் அந்தக் குழந்தையின் வீட்டுக்கு ஊரில் நெருப்புக் கிடைக்காது. குத்தாவிட்டால் என்ன கிடைக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். மிர்த்தோ ஊசியை ஓங்கிப் பலகை இடுக்கில் செருகினாள்.

கூட்டம் ஐயோ என்றது. பாட்டு நின்றது. ஊசி ஒரு சாண் தடையில்லாமல் இறங்கியது. பிறகு எதிலோ பட்டது. மரமில்லை. மெத்தென்று இருந்தது. அவள் ஊசியை வெளியே இழுத்தாள். வரவில்லை. மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கையாலும் இழுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்தும் இழுத்தார்கள். ஊசி விரல் விரலாக உள்ளே போயிற்று. கடைசியில் கைப்பிடிக் காது அவள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு இடுக்குக்குள் மறைந்தது.

"உள்ளே ஆளு இருக்கான்!" மிர்த்தோ ரத்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். "பிடிச்சு இழுத்துட்டான்! பாத்தீங்கல்ல எல்லாரும்? ஊசி தானா உள்ள போகுமா?"

எல்லாரும் பார்த்தார்கள். ஊசி அவள் கையை விட்டு உள்ளே போனதை ஊரே கண்ணால் பார்த்தது. கடப்பாரையைக் கீழே வைத்திருந்தவன் அதை மறுபடி கையில் எடுத்தான். அந்த ஒரு கணம் மட்டும் டிராய் பிழைத்துக்கொள்வது போலிருந்தது.

பூசாரி மண்டியிட்டார்.

"தேவி வாங்கிக்கிட்டா!" என்றார். மென்மையான அந்தக் குரல் உடைந்தது. நடிக்கவில்லை, பாவி, மெய்யாகவே நம்பினார். "எட்டு வருஷம் இந்த ஊரைக் காத்த ஊசி. போர் முடிஞ்சுது, இனிமே இது வேண்டாம்னு தாயே தன் கையால வாங்கிக்கிட்டா!"

அவ்வளவுதான். ஊர் கூவியது. கடப்பாரைக்காரன் கடப்பாரையைப் போட்டுவிட்டு மிர்த்தோவின் காலில் விழுந்தான். எட்டு வருடமாகத் திட்டிய பெண்கள் ஓடிவந்து அவள் ரத்தக் கையைத் தங்கள் முந்தானையால் துடைத்தார்கள். அவள் கழுத்தில் மாலை விழுந்தது. ஒன்று, இரண்டு, பிறகு மூச்சு முட்டும் அளவுக்கு. "ஆளுடா, ஆளு, முட்டாப்பசங்களா" என்று அவள் கத்தக் கத்த, அருள் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குதிரை அவளைக் கடந்து ஊருக்குள் போயிற்று.

மாலையில் கோயில் முன்னால் விருந்து. பத்து வருடமாகப் பதுக்கிய திராட்சை மதுவெல்லாம் வெளியே வந்தது. தண்ணீர்கூடக் கலக்காமல் குடித்தார்கள். மிர்த்தோவை அரண்மனைப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவள் உட்காராமல் மெலித்தாவைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவந்தாள்.

"கெளம்பு. குழந்தையை எடுத்துக்கோ. மலையடிவாரத்துல உங்கப்பா கூடப்பொறந்த அத்தையோட ஆட்டுப்பட்டிக்குப் போயிடலாம்."

"எதுக்கும்மா?"

"அதுக்குள்ள ஆளு இருக்காங்க மெலித்தா. ஊசி ஒடம்புல இறங்கினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கம்பளி மூட்டைன்னு நெனைச்சு ஆட்டையே குத்தியிருக்கேன் நான்."

மெலித்தாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. பயத்தில் வந்த தண்ணீர் இல்லை. தாயின் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு மகள் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"மாமியார் இன்னைக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்கம்மா சாதாரணப் பொம்பளை இல்லடி'ன்னு நாலு பேருக்கு முன்னாடி சொன்னாங்க. அந்தப் போர்வை ஓட்டையைக்கூட எல்லாருக்கும் காட்டினாங்க, தேவி தொட்ட ஊசி பட்ட எடம்னு. எத்தனை வருஷம் அழுதிருக்கேன் அதுக்கு. இன்னைக்கு ஒரு நாள் நான் தலை நிமிந்து உக்காந்துக்கறேம்மா. என்னை எங்கேயும் இழுக்காதே."

"நாளைக்கு உக்காரத் தலை இருக்கணுமேடி!"

"அம்மா!"

ஓங்கி ஒன்று அறைந்து தரதரவென்று இழுத்துப் போகலாம் என்று மிர்த்தோவுக்குத் தோன்றியது. ஆனால் சுற்றிலும் ஊர், லிக்கோன், மாமியார். பத்து அடி போவதற்குள் பிடுங்கிவிடுவார்கள். அந்த நேரம் தெல்லிஸ் பறைச் சத்தத்தில் வீறிட்டான்.

"நீ வேணும்னா இவனைக் கொண்டுபோய் நம்ம வீட்டுல தூங்க வை. இந்தச் சத்தத்துல எங்க தூங்கறான்" என்று மெலித்தா குழந்தையை நீட்டினாள். "நான் விருந்து முடிஞ்சு வந்து வாங்கிக்கறேன்."

மிர்த்தோ வாங்கிக்கொண்டாள். மகளின் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்து, போர்வையால் தலை முதல் கால்வரை மூடிக் கட்டி, நேரே பெரிய வாசலுக்குப் போனாள்.

வாசலில் மிக்கோன் ஒருவன்தான் காவல் இருந்தான். ஆறு வருடமாக அவளோடு அதே வாசலில் நின்றவன். இடிந்த கல்மேல் உட்கார்ந்து மதுக் கோப்பையை உறிஞ்சிக் காலி செய்துகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து கைகூப்பி வழிவிட்டான். மார்போடு இவ்வளவு பெரிய பொதி. எங்கே போகிறாய், அதில் என்ன, அவிழ்த்துக் காட்டு. ஒரு வார்த்தை கிடையாது. எந்த வாசலிலும் எவனும் அவளிடம் இனிக் கேட்க மாட்டான். மிர்த்தோவுக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

"என்ன கொண்டுபோறேன்னு கேக்க மாட்டியாடா?"

"உங்களையாக்கா? தேவியே கைநீட்டி வாங்கின ஆளு நீங்க. உங்களைக் கேட்டா என் நாக்கு அழுகிடும்."

"இதைத்தானேடா ஆறு வருஷமாச் சொல்லிக்குடுத்தேன். அம்மாவா இருந்தாலும் கேளுன்னு."

"அது சண்டை நடந்த காலம்க்கா." அவன் சிரித்தான். நல்ல பையன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன்.

வெளியே சமவெளி வெறிச்சென்று கிடந்தது. கடல் பக்கம் கடைசி வெளிச்சம். பட்டிக்குப் போகப் பாதி ராத்திரி ஆகும். குழந்தையை அங்கே விட்டுவிட்டு ஓடிவந்தால், எப்படியாவது மெலித்தாவை வெளியே கொண்டுவந்துவிடலாம். கட்டித் தூக்கியாவது.

"மிக்கோன், தூங்கிடாதே. விடியறதுக்குள்ள நான் திரும்பி வருவேன். என் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போகணும். நான் வர்றவரைக்கும் எவன் வந்தாலும் கதவைச் சாத்தி வை."

மிக்கோன் அவளைப் பார்த்தான், பிறகு பின்னால் திரும்பி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த கதவுகளைப் பார்த்தான். நல்ல வேடிக்கையைக் கேட்டுவிட்டவன் போல அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்தக் கதவை அக்கா சாத்தறது? அதான் மத்தியானமே பிடுங்கிப் போட்டாச்சே!"

மிர்த்தோ அவன் வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். இரண்டு கையிலும் பிள்ளை இருந்ததால் முடியவில்லை. போர்வையை இறுக்கிக்கொண்டு இருட்டுவதற்குள் முடிந்தவரை வேகமாக நடந்தாள்.